நாலடி இரண்டங்குலம்

பள்ளிக்கரணையில் வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்,
காப்பீட்டுக் கம்பெனியின் டேப்போடு
எத்திராஜுலு வீட்டுச் சுவரில்
நீர் நின்ற தடத்தை அளந்தேன்.
கூடத்தில் நாலடி இரண்டங்குலம்.
சமையலறையில் நாலடி இரண்டங்குலம்.
பூஜையறையில், செருப்பை வெளியே விட்டுவிட்டு அளந்தேன்:
நாலடி இரண்டங்குலம்.
கழிப்பறைத் தரை சற்றுத் தாழ்வு,
அங்கே மட்டும் மூன்றங்குலம்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
‘இறைவன் செயல்: ஆம் / இல்லை.’
பதினேழு வருடமாக ‘ஆம்’ என்று டிக் அடிக்கிறேன்,
நம்பாதவன்.
நம்புகிறவர்கள்தான் சண்டைக்கு வருவார்கள்:
“சாமி ஏன் சார் இப்படிச் செய்யும்?
ஏரியில பிளாட் போட்டது யாரு?”
நல்லது நடந்தால் கையெழுத்து அவருடையது,
சேறு வந்தால் மாநகராட்சியுடையது.
எந்த ஆடிட்டர் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்?

படகு வந்ததே கிருபை என்றார்
மூன்றாம் மாடி ஹெலன் டீச்சர்.
படகு வராத வீடுகளில்
நான் யாரையும் விசாரிக்க முடியவில்லை.
சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் எல்லாரும்
பிழைத்தவர்கள்.

எத்திராஜுலு இன்வெர்ட்டரை அணைக்கக் கீழே போனவர்.

சோதனை என்கிறார்கள்;
எழுதியவன் செத்த பிறகு மதிப்பெண் யாருக்கு?
மர்மம் என்கிறார்கள்;
என் ரிப்போர்ட்டில் ‘மர்மம்’ என்று எழுதினால்
மேனேஜர் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவார்.
எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும்,
அதனால் அவர் வேண்டும், அவருக்கு மட்டும் வேண்டாம்.
அந்தச் சலுகையை
மழைக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே.

வனமாலா காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்தார்.
அவர் மனைவி.
“நீங்க கும்பிடுவீங்களா சார்?”
“இல்லைம்மா.”
“அப்ப திட்டறதுக்கும் உங்களுக்கு ஆள் இல்ல” என்றார்,
பரிதாபப்பட்டு,
என்மேல்.

பதில் இருக்கிறது.
துரைப்பாக்கம் சிக்னலில்,
ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கையில் கிடைத்தது:
வேண்டும் என்பதாலேயே ஒன்று இருந்துவிடாது.
பிசகில்லாத பதில்.
வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொல்லவில்லை.

ராத்திரி, சாப்பாட்டு மேஜையில்,
அந்தக் கட்டத்துக்கு வந்தேன்.
‘ஆம்’ என்று அடித்தால்தான் அவருக்குப் பணம்.
அடித்தேன்.
காகிதம் நமத்திருந்தது,
இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.