படத்தின் இடது ஓரம்

பாஸ்போர்ட் சைஸ், எட்டுப் படம், எழுபது ரூபாய்.
காது தெரியணும், பல் தெரியக் கூடாது.
சோறு போடுவது அதுதான்.
மற்றதெல்லாம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில்
யாரும் கேட்காமல் எடுத்தவை.
சிந்துபூந்துறையில் வெயில் முதலில் விழுவது
உச்சிமாகாளி கடைக் கண்ணாடிக் கிளாஸ்களில்.
பிறகு
பாதி ஷட்டரைத் தூக்கிக் குனிந்து நுழைகிறவர்களின் முதுகில்.
பதினொரு வருஷம்.
வெளியூர்க்காரர்கள் கேட்டால் பாலத்தைக் காட்டுவேன்.
இவற்றைக் காட்டியதில்லை.

"எதுக்குவே காலங்காத்தால இதை எடுக்கீரு?
கல்யாணமா நடக்கு இங்கன?"
என்பார் உச்சிமாகாளி.
தையல் கடை இசக்கித்தாய் ஒன்றும் கேட்கமாட்டாள்.
கேமராவைக் கண்டால்
கையிலிருக்கிற துணியை முகத்துக்கு நேரே விரித்து
நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.
அப்படியே எடுத்தேன் ஒரு நாள்:
பச்சை ஜாக்கெட் துணி, அதற்குப் பின்னால் வெளிச்சம்,
கீழே இரண்டு வளையல்.
நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மார்கழியில் ஆறு தெருவுக்குள் வந்தது.
ராத்திரி கடையில் இடுப்பளவு.
ஹார்டு டிஸ்க்கை மஞ்சள் பையில் சுருட்டித் தலையில் வைத்து
மச்சினன் வீட்டு மாடிக்கு நடந்தேன்.
நீலத் திரை எனக்கு முன்னால் மிதந்து போனது,
ஆள் இல்லாத பாஸ்போர்ட் படம் மாதிரி.

வடிந்து நான்காம் நாள்.
சேற்றை வழித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தால் உச்சிமாகாளி.
"அந்தப் படமெல்லாம் இருக்கா?"
எந்தப் படம்?
"அதான், சும்மா எடுப்பீரே.
அதுல என் பிரிட்ஜு விழுந்திருக்குமா?"

தாலுகா ஆபீசில் கேட்கிறார்களாம்,
போனது இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று.

கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் இரவல் லேப்டாப்.
சுற்றிலும் தெரு.
வெயிலைப் பார்த்து எடுத்த படங்களில்
ஒருவரும் வெயிலைப் பார்க்கவில்லை.
மிக்சி ரிப்பேர் செய்யது மசூது மோட்டார்களை எண்ணினார்,
விரலை விட்டு, ஏழு வரைக்கும்.
டயர் கடை ஞானதிரவியம்
"கம்ப்ரஸர், கம்ப்ரஸர்" என்று
தொலைந்த பிள்ளையைத் தேடுகிற குரலில்.

என் நல்ல படத்தைத் திறந்தேன்.
இசக்கித்தாய் பார்த்தாள்.
"மிஷின் எங்க?"

நான்தான் வெட்டியிருந்தேன்.
கறுப்பாய் ஒரு மூலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று அகப்பட்டது.
டீக்கடை வாசலில் உடம்பை முறிக்கிற நாய்.
இடது ஓரத்தில், கலங்கலாக,
ஒரு சக்கரமும் பாதி பெடலும்.
எப்போதோ அழித்திருக்க வேண்டிய படம்;
சோம்பலில் விட்டது.
"இதான்," என்றாள் காலையில்,
"சக்கரத்துல வெள்ளத் துணி சுத்தியிருக்கேன் பாருங்க."
எனக்கு அது வெறும் வெளுப்பு.

பாளையங்கோட்டையில் பிரிண்ட் போட்டு
இருவருமாக வரிசையில் நின்றோம்.
அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நாய்தான் இருக்கு."
நாய்க்குப் பின்னால் விரலை வைத்தாள்.
"கலங்கலா இருக்கேம்மா."
"அது வெள்ளத்துக்கு முந்தின கலங்கல் சார்.
இவருக்குக் கை ஆடிட்டு."

உச்சிமாகாளிக்குப் பணம் வந்தது.
அவளுக்கு இன்னும் 'பார்க்கலாம்'.
மேலப்பாளையத்தில் ஒரு பழைய மிஷின்,
மாசம் அறுநூறு தவணை.

பங்குனியில் மறுபடி அந்த வழியே போனேன்.
கேமராவைத் தூக்கினேன்.
துணி முகத்துக்கு வரவில்லை.
ஸ்டூலைக் காலால் தள்ளி,
முழு மிஷினும் தெரிகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்து
நேரே பார்த்தாள்.
"கம்பெனிப் பேரு விழுதா?"