எட்டு நாற்பத்தேழு

எரிந்த போட் கொண்டுவருகிற எல்லாரும்
ஒரே வசனம்தான் சொல்லுவார்கள்:
"ஒண்டும் செய்யேல்லை, சும்மா இருந்தது."
கொக்குவிலில், ரயர்க் கடைக்கு மேலே
இந்த அறைக்கு வந்த நாலு வருசமாய்க் கேட்கிறேன்.
ஒருவரும் ஒன்றும் செய்யாமலே
எவ்வளவு எரிகிறது இந்த ஊரில்.

இன்று மேசையில் கிடப்பது என்னுடையது.
நீர்வேலியில் பூரணம் அக்காவின் வாழைத்தோட்டத்துக்
கிணற்றில் நாற்பத்தொரு நாள்
உப்பை அளந்துகொண்டிருந்தது.
பற்றரி மாற்றப் போன இடத்தில்
ஐந்து வோல்ற் போகவேண்டிய காலில்
பன்னிரண்டைக் கொடுத்தது இந்தக் கைதான்.
கரண்ட் இல்லை. போன் வெளிச்சம்.
வயர் இரண்டும் கறுப்பு.

"கரண்ட் திரும்பி வந்த அடியில் எரிஞ்சுபோச்சு"
என்று ஆரூரனுக்கு அனுப்பினேன்.
"சரி, பாப்பம்" என்றான்.
அந்தச் சரிதான் நித்திரை கொள்ள விடவில்லை.

முதலில் மூக்கு.
றெகுலேற்றரின் முதுகில் கடுகளவு கொப்புளம்,
மயிர் கருகின மணம்
நாலு நாளாகியும் போகவில்லை.
பிறகு மீற்றர்.
உள்ளே வருகிற காலுக்கும் நிலத்துக்கும் இடையில் வைத்தேன்.
பீப்.
விடாத பீப்.
கீழே ரயர் கழற்றுகிற பெடியன் அண்ணாந்து
"அக்கா, ஏதும் செத்துப்போச்சோ?" என்றான்.
"பொறு, இன்னும் தெரியாது."

றெகுலேற்றர் இரண்டு விதமாய்ச் சாகும்.
வாயைப் பிளந்து பன்னிரண்டையும்
அப்படியே உள்ளே விட்டுவிட்டுச் சாவது ஒன்று.
அதென்றால் சிப் போச்சு,
நாற்பத்தொரு நாளும் போச்சு.
வந்ததையெல்லாம் நிலத்தில் இறக்கி
வாசலிலேயே எரிந்து முடிவது மற்றது.
கழற்றினால்தான் தெரியும்.

சூட்டுக்காற்று, முந்நூற்றைம்பது பாகை.
ஈயம் மினுங்கி இளகுகிற கணத்தில்
சாவணத்தால் ஒரு நெம்பு.
மூன்று தசம் மூன்றின் வழியையும் நிலத்தையும்
திரும்பத் தொட்டேன்.
மீற்றர் வாய் திறக்கவில்லை.
இந்த வேலையில்
மௌனம்தான் நல்ல சேதி.

வெளியிலிருந்து மூன்று தசம் மூன்று கொடுத்தேன்,
நூறு மில்லி அம்பியருக்கு மேல் போகாமல் கட்டி,
காய்ச்சல்காரருக்குக் கஞ்சித்தெளிவு பருக்குகிற மாதிரி.
பூச்சியம்.
பூச்சியம்.
நாற்பத்திரண்டு.
நாற்பத்திரண்டிலேயே நின்றது.
நீல லைற் ஒருதரம் கண் வெட்டியது.

திரையில் வரிவரியாய் இறங்கியது நீர்வேலி:
மழைக்கு மறுநாள் உப்புக் குறைந்தது,
விடியும்வரை மோட்டர் ஓடிய பதினேழாம் நாள் ஏறியது,
"இண்டைக்குத் தேத்தண்ணி வாயில வைக்கேலாது" என்று
பூரணம் அக்கா ஊற்றிவிட்ட காலை
அதுவும் இருந்தது, ஓர் எண்ணாக.
கடைசி வரியில் உப்பு இல்லை.
எழும்பி நேரத்தை மட்டும் எழுதிவிட்டு
விழுந்திருக்கிறது:
இரவு எட்டு நாற்பத்தேழு.

அன்று நீர்வேலிக்குக் கரண்ட் வந்தது
ஒன்பது இருபதுக்கு.
கோயில் லவுட்ஸ்பீக்கர் பாட்டின் நடுவிலிருந்து கத்தியதால்
ஊருக்கே தெரியும்.
சந்தியில் சோடா குடித்துக்கொண்டு நின்ற
ஆரூரனுக்கும் தெரியும்.

ஒரு வரிதான்.
அதை அழித்தாலும் மிச்சமெல்லாம் உண்மையாகவே இருக்கும்.
விரலை விசையில் வைத்தபடி
ஆறிப்போன பிளேன்ரீயைக் குடித்து முடித்தேன்.
வெள்ளைத் தாளில் றெகுலேற்றர்,
அடிபட்ட நுளம்பு மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு.

கோப்பு முழுவதையும் அனுப்பினேன்.
கீழே: "கரண்ட் வரேல்லை. நான்தான்."
இரண்டு நீலச் சரி விழுந்தது.
பதில் இல்லை.

புது றெகுலேற்றர் நூற்றிருபது ரூபா,
நாளைக்கு ஸ்ரான்லி வீதியில் வாங்கலாம்.
சிவப்பு வயர் வீட்டில் இல்லை.
நெயில் பொலிஷ் இருந்தது.
பன்னிரண்டு வோல்ற் வயரின் நுனிக்கு
இரண்டு பூச்சுப் பூசி
ஃபானுக்குக் கீழே காயவைத்திருக்கிறேன்.