மாதிரி எண் ஐம்பத்திரண்டு

சாஸ்கடூனில் மைசூர் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு.
வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி கொட்டி
சுருங்கியது, உடைந்தது, உறைபனி கடித்தது,
பருப்பு வேஷத்தில் உட்கார்ந்திருக்கும் காட்டுவிதை
எல்லாவற்றையும் இடுக்கியால் ஒதுக்குவேன்.
தட்டுக்குத் தட்டு ஒரு சீட்டு:
மாதிரி நாற்பத்தெட்டு, மாதிரி நாற்பத்தொன்பது.

ஐம்பத்திரண்டைக் கொட்டியதும்
வாய் தானாகச் சொன்னது,
'இது ஒரு மாதிரி இருக்கே.'

எதிர் மேசையிலிருந்து டோரின் ஹவ்ரிலக்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அப்படியென்றால்?

மாதிரி என்றால் இதோ இது. தட்டைக் காட்டினேன்.
ஒரு என்றால் ஒன்று.
சேர்த்துச் சொன்னால்
என்னமோ சரியில்லை.

எதனுடைய மாதிரி? என்றாள்.
இருபத்தாறு வருஷம் இங்கே இருந்தவள்,
மூட்டை இல்லாமல் மாதிரி ஏது அவளுக்கு.
அதைத்தான் நாங்கள் சொல்வதில்லை, டோரின்.
எதைப் போல என்று தெரிந்துவிட்டால்
அப்புறம் அது ஒரு மாதிரி இல்லை.

மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதிக்கொண்டாள்.
பால் ஒரு மாதிரி வாடை அடித்தால் கொட்டிவிடு.
ஆள் ஒரு மாதிரி என்றால் கடன் கொடுக்காதே.
பஸ்ஸில் ஒருத்தன் ஒரு மாதிரி பார்த்தால்
உன் நிறுத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
ஆனால் 'ஒரு மாதிரி முடிச்சிட்டேன்' என்றால்
அது நல்ல சேதி,
எப்படி என்று மட்டும் கேட்கக் கூடாது.

மறு வாரமே காபி மெஷின் ஒரு மாடிரி.
புது மேனேஜரின் மீசை ஒரு மாடிரி.
த-வைச் சொல்ல நாக்கைப் பல்லில் வை என்றேன்.
வைத்தாள். ட-தான் வந்தது.

மே மாதம் பதினான்காம் தேதி
என் கார் மேல் விரல்கடை உயரத்துக்குப் பனி.
'ஒரு மாதிரி ஊர்' என்று நான் முனக
அவள்தான் திருத்தினாள்:
தப்பு. இது எப்போதும் போல.

அக்டோபரில் மூன்று நாள் லீவு எடுத்தாள்.
திரும்பி வந்து கோட்டை மாட்டினாள்,
தராசைத் துடைத்தாள்,
இடது மார்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்றாள்,
வானிலை சொல்கிற குரலில்.
ஊசி முனை அளவுதான். செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
'ஒரு மாடிரி இருக்கு.'

சொல் சரி. இடமும் சரி.
எனக்கு வேறு சொல் எதுவும்
எந்த மொழியிலும் வரவில்லை.

இந்த ஊரில் எங்கேயோ இன்னொரு மேசையில்
கண்ணாடித் துண்டின் மேல்
டோரின் ஒரு மாதிரி.
குனிந்து பார்க்கிறவர் யாரோ.
ஐம்பத்திரண்டைப் பார்த்த என்னைப் போல
வாய் தானாக எதையும் சொல்லிவிடாமல்
எப்போதும் போல என்று
எழுதிப் போட்டால் போதும்.

இன்று வெள்ளி.
அவள் அறுபதை எடுத்தாள்,
நான் அறுபத்தொன்றை.