வெளிப்பெட்டி

இன்று இது ஐந்தாவது வீடு.
தெங்கா, புதிய புளோக், பதினான்காம் மாடி.
மின்தூக்கிக்குள் ஒட்டிய அட்டைகளை
இன்னும் பிரிக்கவில்லை.

குளிரவே இல்லை என்கிறார் திருவாட்டி குவெக்,
ரசீதை விசிறியாக்கியபடி.
ஏர்கானுக்கு ஒன்றுமில்லை.
வடிகட்டியில் தூசி, செம்மண் தூசி.
எதிரே வெட்டிய இடத்திலிருந்து கிளம்பி
விண்ணப்பம் போடாமல்
குலுக்கலுக்குக் காத்திருக்காமல்
நேராகக் குடிவந்துவிட்டது.

இடுப்புப்பட்டை மாட்டி விளிம்பில் இறங்குகிறேன்.
வீட்டுக்குள் வேண்டாமென்ற சூட்டையெல்லாம்
வெளிப்பெட்டி என் முகத்தில் ஊதுகிறது.
பக்கத்து வீட்டுப் பெட்டியும்.
அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே.
ஒரு புளோக் முழுக்க மூச்சுவிடுகிறது,
யாரோ அந்தப் பக்கம் நின்று
வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

நின்றார்கள்தான்.
போன வருடம் இதைப் பூட்ட வந்தபோது
கீழே அல்பீசியா மரங்கள்,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு தகரம், ஒரு எண்.
ஃபைசாலும் நானும் இங்கிருந்துதான்
நாசி லெமாக் பொட்டலம் பிரித்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டின் உச்சியில்
பருந்து ஒன்று கூடு வைத்திருந்தது.
வீட்டுக்காரர் என்று அதற்குப் பெயரிட்டான் ஃபைசால்.

நாலு மணிக்குக் காட்டுக்குள்ளிருந்து
ஏதோ ஒன்று வரும்.
முதுகிலிருந்து சட்டையைக் கொஞ்சம் பிரித்துவிட்டுப் போகும்.
அதைக் காற்று என்றுகூட
நாங்கள் சொன்னதில்லை.

இப்போது நாலேகால்.
சட்டை ஒட்டியே கிடக்கிறது.
வாயு சரி, அழுத்தம் சரி.
வெளியே முப்பத்தெட்டு என்கிறது அளவி.
கண்ணாடியில் தட்டிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டுதான்.

சின்ன அறைக்கும் ஒன்று போடச் சொல்கிறார்.
மகளுக்கு இது ஒன்பதாம் மாதம்,
பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடக் கூடாதாம்.
எழுதிக்கொள்கிறேன்.
ஒரு பெட்டிக்கு எனக்கு முப்பது வெள்ளி.
வேண்டாமென்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?
எனக்கும்தான் வீடு விழுந்திருக்கிறது இதே பேட்டையில்.
அஸ்திவாரம்கூடப் போடவில்லை.
நேற்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு நின்றது
என் சமையலறையிலா,
இல்லை வாகன நிறுத்தத்திலா?
சரியாகப் பிடிபடவில்லை.
பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

மூடியைத் திருகி முடித்து நிமிர்ந்தால்
மேலே ஒரு பருந்து.
அதேதானா, தெரியாது.
வட்டமிடுகிறது, ஒருமுறைகூடச் சிறகடிக்காமல்.
அடிக்கத் தேவையில்லை அதற்கு.
பதினான்கு மாடிகளின் சூடும்
அடியில் நின்று தூக்கிக் கொடுக்கிறது.