கண் இல்லாத கிழங்குகள்

வக்கீல் தட்டச்சிய பட்டியலில்
மேசை இருந்தது, மிதிவண்டி இரண்டு,
அவள் அத்தையின் கடிகாரம்,
ஈரத்தில் உப்பிப்போன பியானோ.
டேலியாக்கள் இல்லை.
ஜூலையில் கையெழுத்திட்டோம். அப்போது அவை
வேலிக்கு மேல் தலைநீட்டிப் பூத்திருந்தன.
மண்ணுக்குள் இருப்பது யாருக்கு என்று
யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் ஸ்வோலேயிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
வீட்ஸ்கெயின் எழுத்து எப்போதும் முன்சாய்ந்தே இருக்கும்,
எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவள் மாதிரி.
முதல் உறைபனியில் தண்டு கறுத்ததும் தோண்டு.
கழுவாதே, உதறு. உலர்ந்த மணலில் வை.
ஏப்ரலில் வந்து பாதி எடுத்துக்கொள்கிறேன்.
நலமா என்றொரு வார்த்தை இல்லை.
நானும் அதைத் தேடவில்லை,
மண்வெட்டியைத்தான் தேடினேன்.

க்ரோனிங்கனில் எங்கள் தோட்டம்
பன்னிரண்டு எட்டில் முடிந்துபோகும்.
முதல் குத்திலேயே ஒன்றை வெட்டிவிட்டேன்.
உள்ளே வெள்ளை. வெட்டுவாயில் நீர் கோத்து நின்றது,
பேரிக்காய் நறுக்கினாற்போல.
வெட்டுப்பட்டது தேறாது,
பக்கத்தில் கிடப்பதையும் அழுகவைக்கும்.
வீசக் கை ஓங்கினேன்.

"தின்னலாம் அதை" என்றார் வேலிக்கு அந்தப்புறம் ஃபோக்கோ.
சர்க்கரை ஆலையில் பீட்ரூட் எடைபோடுகிறவர்.
"மெக்சிக்கோவிலிருந்து சாப்பாடாய்த்தான் வந்ததாம்.
இங்கே பூவைப் பார்த்துவிட்டு
வயிற்றை மறந்துவிட்டார்கள்."
சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்,
எனக்கு ஏதாவது ஆனால்
தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல.

டேலியாக் கிழங்குக்குக் கண் உண்டு.
கழுத்தருகே, கடுகளவு மேடு.
முளை வருவது அங்கிருந்துதான்.
கண் இல்லாதது எவ்வளவு கொழுத்திருந்தாலும்
வசந்தம் முழுக்க மண்ணுக்குள்
சும்மா படுத்திருக்கும்.
டார்ச் அடித்துப் பிரித்தேன் மூன்று இரவு.
கண் உள்ளவை மணல்பெட்டிக்கு.
இல்லாதவை சமையலறைக்கு.

தோல் கசந்தது. சீவினேன்.
மஞ்சள் பூவின் கிழங்கில் செலரி வாசம்,
பின்னால் கொஞ்சம் மெழுகு.
வெள்ளை, ஒன்றுமே இல்லை,
தண்ணீரை மென்றாற்போல.
அந்தக் கருஞ்சிவப்பு,
கேட்டவர்க்கெல்லாம் அவள் இல்லை என்று சொன்னது,
வெண்ணெயில் புரண்டு ஓரம் முறுகி
கேரட்டும் வால்நட்டும் சேர்ந்ததுபோல் இனித்தது.
பத்தொன்பது வருடம் அதைப்
பூச்சாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் முழுக்க இதே வேலை.
வறுவல். மசியல். வினிகரில் ஊறல்.
முட்டை வேகவைக்கவே கடிகாரம் பார்க்கிறவன் நான்.
அத்தை கடிகாரமும் போய்விட்டதால்
குத்திப் பார்த்துப் பழகினேன்.

ஏப்ரலில் வந்தாள்.
மேல்கோட்டைக் கழற்றாமல்
பெட்டியைக் குனிந்து எண்ணினாள், இரண்டு தடவை.
"பதினான்கு. மீதி?"
சூப் ஊற்றினேன். மிஞ்சியிருந்த நாலு கிழங்கு.
நின்றபடியே ஒரு கரண்டி.
பிறகு நாற்காலியைக் காலால் இழுத்தாள்.
"கருஞ்சிவப்பு" என்றாள், கிண்ணத்தைப் பார்த்து.
"தண்டு கிள்ளும்போது விரலில் ஒட்டுமே,
அதே வாசம்."
கோபமா என்று தெரியவில்லை.
கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தாள்.
ஏழு கிழங்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு
நாலரை ரயிலுக்குப் போனாள்.

இரவு பத்தரைக்குத் தொலைபேசி.
"என்னத்தைப் போட்டுத் தொலைத்தாய்?
அஸ்ஸெனிலிருந்து வீடு வரை
வயிறு கடமுடவென்று பேசிக்கொண்டே வருகிறது.
எதிரே ஒரு பாதிரியார்.
ஜன்னலையே பார்த்தார் பாவம்."
எனக்கும் குளிர்காலம் முழுக்க அப்படித்தான், என்றேன்.
சொல்லத்தான் ஆளில்லை.

மறுமுனையில் ஏதோ சத்தம்.
சிரிப்பா, வயிறா,
பிடிபடவில்லை.
நான் வைக்கவில்லை.