ஆடி மாதம், டைனிங் ஹால்

இறக்கினது இரண்டே அங்குலம்.
பதுங்கின கீரி மாதிரி தெரியணுமாம்,
ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வந்தாள் அடைக்கம்மை.
செக்காலை ரோட்டில் பல் டாக்டர்.
இரண்டு சீட், மஞ்சள் கார்.

மூவாயிரம் கிலோமீட்டரில்
முன் டயர் உள்விளிம்பு மட்டும் வழுவழு.
விரலால் தடவிப் பார்த்து
"கடி சரியில்லை" என்றாள்,
நாற்காலியில் படுத்திருப்பவரிடம் சொல்கிற அதே குரலில்.

பள்ளத்தூர் தாண்டி ஒரு பாலம்.
தாரும் கான்கிரீட்டும் கோணலாகச் சேரும் இடத்தில் மேடு.
இடது சக்கரம் அதில் ஏறுகிற நொடி
கார் தானாக மூக்கைத் திருப்பும்
லாரி வரும் பக்கம்.
ஸ்டீயரிங்கை அவள் அசைத்திருக்கவே மாட்டாள்.

அடியில் படுத்துப் பார்த்தேன்.
வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டிய கீழ்க்கைகள்
முழங்கை உயர்த்தின நண்டாக நின்றன.
டை ராட் அதைவிடச் செங்குத்தாக,
வேறு யாரோ சொன்ன பேச்சைக் கேட்டதுபோல.
கார் இறங்கினது இரண்டங்குலம்.
அது சாய்கிற புள்ளி, கண்ணுக்குத் தெரியாதது,
இன்னும் ஆழமாக, செம்மண்ணுக்குள் போய்விட்டது.
தாழ்த்தினால் சாயாது என்று நினைத்திருக்கிறாள்.
கூடுதலாகச் சாய்ந்தது.

என் பட்டறைத் தரை மழைத்தண்ணீர் ஓடப் போட்ட சரிவு.
அளக்க ஆகாது.
ஆடி பிறந்து மண்டபம் காலி.
"ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது"
என்று டைனிங் ஹாலைத் திறந்துவிட்டார் முத்துக்கருப்பன்.
நீர்க்குழாய் பிடித்துப் பார்த்தோம்.
பின் இடது மூலை மூன்று மில்லி பள்ளம்.
அலமாரியில் மிஞ்சின கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தன.
வெள்ளையம்மை-சொக்கலிங்கம் ஐந்து,
அதன்மேல் தங்க ஓரம் போட்ட யாரோ இரண்டு பேர்.
டயருக்கடியில் வைத்ததும்
தரை மட்டமானது.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு
ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி,
ஹப்பில் கட்டின லேசர் விளக்கின் புள்ளியை
சுவரில் ஒட்டின சாப்பாட்டு மேஜைக் காகிதத்தில்
அவள் பென்சிலால் தொடர்ந்தாள்.
நேர்கோடு வரவேண்டும்.
அரிவாள் வந்தது.

நீளத் தண்டு பால் ஜாயின்ட் போட்டேன்.
கீழ்க்கை தாழ்ந்து பழைய இடத்துக்கு வந்தது.
டை ராட் கோபித்துக்கொண்டது.
அரிவாள் இன்னும் வளைந்தது.
இது அப்படித்தான்,
ஒருத்தருக்குப் பாயை விரித்தால்
இன்னொருத்தருக்குக் கால் நீட்ட இடமிருக்காது.

டை ராட் முனைக்கு வளையம் கடைந்தேன்.
பன்னிரண்டு மில்லி: கொஞ்சம் நிமிர்ந்தது.
இருபது: மறுபக்கம் வளைந்துவிட்டது.
பதினெட்டுக்குப் போதும் என்றேன்.
மதியம் இரண்டு மணி, எனக்குப் பசி.
அவள் காகிதத்தில் கண்ணை ஒட்டிவைத்து
"அரை மில்லி எடுங்க" என்றாள்.
அரை மில்லி!
லாரிக்கு வேலை பார்க்கிறவன் நான்.
"கிரௌன் வச்சா நாக்குக்குத் தெரியும்,
உங்களுக்கும் எனக்கும்தான் தெரியாது."
சைக்கிளில் பட்டறைக்குப் போய் எடுத்துவந்தேன்.
திரும்ப ஜாக்கி. திரும்பப் பென்சில்.
தூக்குக்குண்டு தொங்கவிட்டதுபோல ஒரு கோடு.

இந்தப் பக்கம் முடிந்தது.
அந்தப் பக்கம் இருந்தது.

நாலாவது ஞாயிறு மாலை
முத்துக்கருப்பன் வந்து சுவரைப் பார்த்தார்.
"கோடுதானே?" என்று கேட்டார்.
கோடுதான்.
பத்திரிகைகளை உதறி அலமாரியில் வைத்தேன்,
வெள்ளையம்மைமேல் டயர்த் தடம்.

பிறகு பள்ளத்தூர்ப் பாலம். எண்பதில்.
அவள் கைகள் ஸ்டீயரிங்மேல் சும்மா கிடந்தன.
எதிரே வைக்கோல் லாரி.
மேடு வந்தது, இருக்கை வழியாக ஒரு தட்டு,
அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை.
அவள் திரும்பிப் போய்
ஒன்றும் நடக்காததை இன்னொரு தடவை பார்த்தாள்.

கானாடுகாத்தான் பள்ளிக்கூட வேகத்தடையில்
வயிறு கறகறவென்று உரசியது.
என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அது வேறு கணக்கு.