ஒரு முழம் தொய்வு

சோஹாரில் ஆகஸ்ட் இரவு. முப்பத்தைந்து டிகிரியில்
லென்ஸுக்கு ஒரு ஹீட்டர் வயர்.
சிரிக்காதீர்கள்; கடல் ஈரம் கண்ணாடியில் வியர்க்கும்.

பின்கட்டுத் தூணில் நிரந்தரமாய் நிற்கும் தொலைநோக்கிக்கு
ஆக மொத்தம் ஐந்து வால்கள்.
நேற்று நடுவானைத் தாண்டிக் குழாய் புரண்டபோது
ஒரு வால் திருகில் மாட்டி
வெள்ளிகளெல்லாம் கீறலாகிவிட்டன.

பிளாஸ்டிக் கட்டுகள் இந்த வெயிலில் முறுக்காய் நொறுங்கும்.
துணிப்பட்டையால் கொத்தாக்கினேன்.
"இழுத்துக் கட்டுப்பா," என்றார்
மதிலுக்கு அப்பாலிருந்து இக்னேஷியஸ், ஏசி மெக்கானிக்.
இழுத்தால் திரும்பாது. விட்டால் சிக்கும்.
கிழக்கும் மேற்குமாய்க் கையால் சுழற்றிச் சுழற்றி
ஒரு முழம் விட்டேன்.

ஒன்று இருபது. மோட்டார் முனகியது.
டார்ச்சை வாயில் கடித்தபடி நின்றேன்.
ஐந்தும் கூடவே திரும்பின,
ஒன்று மட்டும் தூணை லேசாய்த் தட்டிவிட்டு.